நட்ட முடிக்கு ரத்த ஊசி வேண்டுமா?

கேள்வி:

டாக்டர், வணக்கம். எனக்கு வயது 33. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறேன். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் முப்பது தாண்டுவதற்குள் முன்மண்டை ஏறிவிட்டது. எனக்கும் அப்படியே ஆனது. பத்து வாரத்துக்கு முன் கோலாலம்பூரில் ஒரு கிளினிக்கில் 2,200 கிராஃப்ட், அதாவது பின்னந்தலையிலிருந்து தோலோடு எடுத்த சிறு முடித்துண்டுகள், முன்னால் நட்டுக்கொண்டேன். முதல் மூன்று வாரம் நன்றாக நின்றது. இப்போது முக்கால்வாசி கொட்டிவிட்டது. போன் செய்தால், நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றித் தலையில் போடும் பி.ஆர்.பி. ஊசியை நான்கு தடவை போட்டால்தான் நட்ட முடி பிடிக்கும், போடாவிட்டால் செய்த செலவெல்லாம் வீண் என்கிறார்கள். நான்குக்கும் சேர்த்து 4,800 வெள்ளி. இ.பி.எஃப். சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். எங்கள் தாமானில் சலூன் வைத்திருக்கும் அக்கா, அதே ஊசியைத் தடவைக்கு 250 வெள்ளிக்குப் போட்டுவிட ஆள் இருக்கிறது என்கிறார். ஆவணியில் எனக்குக் கல்யாணம். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் நான் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார், அது வேறு கவலை. என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்:

தம்பி, இ.பி.எஃப். காசை இப்போதைக்குத் தொடாதீர்கள். நட்ட முடி பிடிக்க பி.ஆர்.பி. தேவையில்லை. "போடாவிட்டால் வீண்" என்று உங்களிடம் சொன்னவர் பேசியது வியாபாரம். அந்த ஊசியால் ஒரு பிரயோசனமும் கிடையாதா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. எதற்கு இருக்கிறது, எப்போது இருக்கிறது என்பதில்தான் உங்களைக் குழப்பிவிட்டார்கள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: என் கிளினிக்கில் நான் பி.ஆர்.பி. போடுவதில்லை, முடி நடுவதும் இல்லை. இருமல், சர்க்கரை, மோட்டாரில் விழுந்த சிராய்ப்பு, இவைதான் என் பிழைப்பு. நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும் எனக்கு லாப நட்டம் இல்லை.

கொட்டிய முடியிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் பயமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் உங்களைப் போலவே ஒரு பையன் வந்தான். தலையணையில் விழுந்த முடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சிவப்பு அங்பாவ் உறைக்குள் போட்டு எடுத்து வந்து என் மேசைமேல் கொட்டினான். நாற்பது ஐம்பது இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெள்ளைப் பொட்டு. "பாருங்க டாக்டர், வேரோட வந்துருச்சு" என்றான், அழாத குறையாக. அது வேர் இல்லை. முடி ஓய்வுக்குப் போகும் காலத்தில் அதன் அடி உருண்டு, வெளுத்து, தானாகக் கழன்றுகொள்ளும். நீங்கள் தினமும் சீப்பில் எடுக்கும் முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அதிலும் அதே பொட்டு இருக்கும். முடியை முளைக்கவைக்கும் மயிர்க்கால் தோலுக்குள், நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில், இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பின்னந்தலையிலிருந்து அதைத் தோண்டியெடுத்து, ரத்த ஓட்டம் இல்லாமல் சில மணி நேரம் கிண்ணத்தில் வைத்திருந்து, முன்னால் ஒரு துளையில் செருகியிருக்கிறார்கள். அந்த அதிர்ச்சியில் மயிர்க்கால் பழைய முடியை உதறிவிட்டுத் தூங்கப் போகும். இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை, சிலருக்கு எட்டாம் வாரம் வரைகூட, இந்த உதிர்வு நடக்கும். மூன்றாம் மாதம், நான்காம் மாதம் வாக்கில் பூனைமயிர் போல மெல்லியதாக முளைக்கத் தொடங்கும். ஆறு மாதத்தில் ஏறக்குறைய பாதி தெரியும். ஓராண்டில்தான் முழுக் கணக்குப் பார்க்கலாம். உச்சந்தலையில் நட்டிருந்தால் ஒன்றரை ஆண்டுகூட ஆகும்.

நீங்கள் தோட்டத்துக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நர்சரியிலிருந்து செம்பனைக் கன்றைப் பெயர்த்து நட்டால் பழைய ஓலை மஞ்சளித்துக் காய்கிறது. செத்துப்போச்சு என்று யாராவது பிடுங்கி எறிகிறார்களா? நடுக்குருத்தைத்தானே குனிந்து பார்ப்பார்கள். உங்கள் தலை இப்போது ஓலை காய்ந்து, குருத்து இன்னும் வெளியே வராத நிலையில் இருக்கிறது. பார்க்கச் சகிக்காது. கண்ணாடி முன்னால் நிற்கவே மனம் வராது. சரியாக இந்த நேரம் பார்த்துத்தான் பி.ஆர்.பி. பேச்சு வருகிறது. போட்டால் நான்காம் மாதம் முடி முளைக்கும். போடாவிட்டாலும் நான்காம் மாதம் முளைக்கும். போட்டுக்கொண்டவர் மட்டும் ஊசிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்.

சீழ் வடிவது, நாளுக்கு நாள் சிவப்பும் வலியும் கூடுவது, நட்ட இடத்தில் தோல் கறுத்துப் பொருக்காவது, இவை இருந்தால் மட்டும் தாமதிக்காமல் நட்டவரிடமே போங்கள். அங்கங்கே ஒன்றிரண்டு பரு வருவது புது முடி தோலைத் துளைக்கும் அறிகுறியாகவும் இருக்கலாம். நகத்தால் கிள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஜப்பானில் டாக்டர் ஒக்குடா சிறு வட்டங்களாகத் தோலை எடுத்து நட்டு அதைப் பற்றி எழுதியது 1939இல். நியூயார்க்கில் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக், பின்னந்தலை முடியை எங்கே நட்டாலும் அது பின்னந்தலைக் குணத்தோடேயே வளரும் என்று எழுதியது 1959இல். இன்றைய முடி நடவெல்லாம் அந்த ஒரு உண்மையில்தான் நிற்கிறது. அந்தக் காலத்தில் யாரும் ரத்தத்தைச் சுழற்றித் தலையில் குத்தவில்லை. முடி முளைத்தது. உங்கள் முன்மண்டையில் நட்டது பிடிப்பதற்குக் காரணம் அது எங்கிருந்து வந்தது என்பதும், நட்டவர் கைப்பக்குவமும்தான்.

சரி, அந்த ஊசியில் என்ன இருக்கிறது?

டிங்கிக் காய்ச்சல் வந்து போன வீட்டில் பிளேட்லெட் என்ற சொல் தெரியாதவர் இருக்க மாட்டார். "இன்னிக்கு எவ்வளவு எறங்கியிருக்கு, மிஸ்ஸி?" என்று கேட்டபடி, பிழிந்த பப்பாளி இலைச் சாற்றோடு வார்டு வாசலில் நின்ற அனுபவம் நம் ஊரில் பலருக்கு உண்டு. அதே பிளேட்லெட்தான் இங்கேயும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருக்கும். காயத்தை அடைப்பது அதன் முதல் வேலை. அடைத்த கையோடு தனக்குள் வைத்திருக்கும் சின்னச் சின்னப் பொட்டலங்களைத் திறந்து, ரத்தக் குழாய் வளரவும் செல்கள் பெருகவும் தூண்டும் புரதங்களைக் கொட்டும். இந்தப் புரதங்களைக் கூட்டித் தலைத்தோலுக்குள் விட்டால் மயிர்க்காலும் சுறுசுறுப்பாகும் என்பதுதான் பி.ஆர்.பி.யின் கணக்கு. பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா என்பது அதன் முழுப் பெயர்.

கையிலிருந்து 20, 30 மில்லி ரத்தம் எடுப்பார்கள். உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த குழாயில் விட்டு, சுழலும் இயந்திரத்தில் வைப்பார்கள். நிறுத்தி எடுத்தால் குழாயின் அடியில் கருஞ்சிவப்பு, அதன் தலையில் பாலாடை போல மெல்லிய வெள்ளைப் படலம், அதற்கு மேலே தேன் நிறத்தில் தெளிந்த நீர். படலத்தை ஒட்டியிருக்கும் அடிப்பகுதி நீரில்தான் சரக்கு இருக்கிறது. மேலே போகப் போக வெறும் தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகச் செய்தால் சில மில்லிதான் தேறும். அதில் பிளேட்லெட் சாதாரண ரத்தத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்க வேண்டும். மேல்நீரையும் சேர்த்து உறிஞ்சி "பத்து மில்லி கிடைச்சிருக்கு, அதிர்ஷ்டசாலி நீங்க" என்று காட்டினால், உங்கள் சொந்தத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

ஒரு நண்பரின் கிளினிக்கில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவருடைய குழாயில் தேன் நிறத்துக்குப் பதில் பால் ஊற்றியதுபோல ஒரே கலங்கல். விசாரித்தால், மனிதர் காலையில் பொரித்த கோழியோடு நாசி லெமாக்கை ஒரு கை பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார். சாப்பாட்டுக் கொழுப்பு ரத்தத்தில் மிதக்கிறது. ஆளுக்கு ஆள், இயந்திரத்துக்கு இயந்திரம், சுற்றும் வேகத்துக்கு வேகம் அந்த நீர் மாறும். அதனால்தான் ஒரு கிளினிக்கில் கிடைத்த பலனை இன்னொரு கிளினிக்கின் கணக்கில் எழுத முடியாது. வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும்: தலையில் சென்டிமீட்டருக்கு ஒரு குத்தாகப் பல டஜன் குத்து. மரப்பு ஊசி போட்டாலும் அந்த மரப்பு ஊசியே வலிக்கும். அன்று ராத்திரி தலை கனக்கும்.

"ஆராய்ச்சியே இருக்கு" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இருக்கிறது, நானும் படித்திருக்கிறேன். எல்லாரும் எடுத்துக்காட்டுவது பிரேசில் டாக்டர் கார்லோஸ் ஊபெல் 2006இல் வெளியிட்டதை. 20 பேர் தலையில், ஓர் இடத்தில் பிளேட்லெட் நீரில் ஊறவைத்த கிராஃப்டையும், இன்னோர் இடத்தில் ஊறவைக்காததையும் நட்டுப் பார்த்தார். பிறகு எண்ணியபோது, ஊறியது சதுர சென்டிமீட்டருக்கு 18.7, ஊறாதது 16.4. அவர் கணக்கில் 15 சதவீதம் கூடுதல். நோட்டீஸில் அந்த 15 சதவீதம்தான் பெரிய எழுத்தில் வரும். வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டே கால் கிராஃப்ட் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அதைவிட முக்கியமானது: அவர் ஊறவைத்தது நடுவதற்கு முன். இந்தியாவில் 40 பேரைப் பாதி பாதியாகப் பிரித்துச் செய்து 2016இல் வெளிவந்த ஆய்விலும் ஊசி அறுவை நடந்த அன்றே போடப்பட்டது. போட்டவர்களுக்கு முடி சீக்கிரமாகவும் கூடுதலாகவும் வந்ததாக எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். உங்களுக்கு அந்த நாள் தாண்டி பத்து வாரம் ஆகிவிட்டது. நட்ட கிராஃப்ட் ஒன்பது பத்து நாளிலேயே தோலில் இறுகிவிடும். அதன் பிறகு பிடிப்பதா விடுவதா என்ற கேள்வியே இல்லை. சோறு வெந்து இறக்கிய பிறகு அரிசியை ஊறவைக்கச் சொல்கிறார்கள் உங்களை.

நடாத முடிக்கு, அதாவது மெலிந்துகொண்டிருக்கும் சொந்த முடிக்கு, பி.ஆர்.பி. கொஞ்சம் உதவலாம். இத்தாலியில் 20 ஆண்களுக்குப் பாதித் தலையில் பி.ஆர்.பி.யும் மறுபாதியில் வெறும் உப்புநீரும் மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள், 2015இல் வெளிவந்தது. பி.ஆர்.பி. பக்கம் முடி கூடியது. ஆனால் ஓராண்டு தாண்டியதும் சிலருக்கு மறுபடி கொட்டத் தொடங்கி, திரும்பவும் ஊசி போட வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் பெண்களிடம், போடுபவருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்பவருக்கும் தெரியாமல் செய்த இன்னோர் ஆய்வில் வித்தியாசமே தெரியவில்லை. எல்லாமே இருபது பேர், நாற்பது பேர் என்ற அளவில்தான் இருக்கின்றன.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் மூன்று தடவை போட்டுக்கொண்டவன்தான், ஆசை யாரை விட்டது? முதல் போட்டோவை எடுத்தபோது என் தலை ஈரமாக இருந்தது, விளக்கு நேர் மேலே எரிந்தது. கடைசிப் போட்டோவில் தலையைக் காயவைத்து, வாரிவிட்டு, சன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அசந்துபோவீர்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். "ரெண்டாவதுல லைட்டு நல்லா இருக்கு" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

சலூன் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு இரண்டு மனம் கிடையாது. போகாதீர்கள். ரத்தம் எடுத்துச் சுழற்றி மறுபடி உடம்பில் ஏற்றும் இடத்தில் ஊசியோ குழாயோ ஒருவருடையது இன்னொருவருக்கு மாறினால் முடிந்தது கதை: ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. இது பயமுறுத்தும் பேச்சு இல்லை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில், உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் இதே பி.ஆர்.பி.யை முகத்துக்குப் போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 2018இல் வெளியே தெரிந்த விவகாரம் அது. அவர்களுடைய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் விவரமாக அறிக்கை வெளியிட்டது. அந்த அக்கா நல்லவராகவே இருக்கலாம், அவர் கூட்டிவரும் ஆள் பெட்டியில் என்ன கொண்டுவருகிறார் என்று அவருக்கும் தெரியாது. நம் நாட்டில் இதைச் செய்ய மருத்துவ மன்றத்தில் பதிந்த டாக்டராக இருக்க வேண்டும், அந்த ஆண்டுக்கான தொழில் சான்று கையில் இருக்க வேண்டும், இடம் சுகாதார அமைச்சில் பதிந்த கிளினிக்காக இருக்க வேண்டும். அழகியல் சிகிச்சை செய்யும் டாக்டருக்கு அமைச்சு தனியாக எல்.சி.பி. என்ற அனுமதிக் கடிதமும் கொடுக்கிறது. கேட்டால் காட்ட வேண்டும், கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதுதான் பெரியதாகத் தெரிகிறது. உங்கள் கடிதத்தில் நட்ட முடியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் நடாத முடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நட்டது நிற்கும். பின்னால் இருப்பது நிற்குமா?

உங்கள் குடும்ப வழுக்கைக்குக் காரணம் டி.எச்.டி. என்ற ஹார்மோன். அது முன்தலை, உச்சந்தலை மயிர்க்கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே போகும். முடி நட்டதால் அது நிற்பதில்லை. 33 வயதில் முன்னால் ஒரு வரிசை நட்டுவிட்டு மற்றதைக் கவனிக்காமல் விட்டால், 43 வயதில் முன்னால் ஒரு திட்டு, நடுவில் வெறும் தரை, பின்னால் ஒரு வேலி என்று ஆகும். அதுபோன்ற தலையை நான் பார்த்திருக்கிறேன். வழுக்கையாவது ஒழுங்கான வழுக்கையாக இருந்தால் கம்பீரம், இது அதுவும் இல்லை.

இதைத் தடுக்க ஃபினாஸ்டெரைட் 1 மில்லிகிராம் மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் 1997இல் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. 1998இல் வெளிவந்த ஆய்வில் 1,553 ஆண்கள் கலந்துகொண்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 83 சதவீதம் பேருக்கு உச்சந்தலை முடி மேற்கொண்டு குறையவில்லை. மருந்தில்லாத சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 28 சதவீதம்தான். உங்களைப் போல முடி நட்டுக்கொண்டவர்களிடமே பார்த்த ஆய்வும் உண்டு, 2005இல். 79 பேர். நடுவதற்கு நான்கு வாரம் முன்பிருந்து, நட்ட பின் 48 வாரம் வரை மாத்திரை. சாப்பிட்டவர்களில் 94 சதவீதம் பேருக்கு முடி கூடியது கண்ணால் தெரிந்தது, சாப்பிடாதவர்களில் 67 சதவீதம். இந்த எண்களை மேலே சொன்ன இருபது பேர் கணக்கோடு வைத்துப் பாருங்கள். கூடவே மினாக்ஸிடில் 5 சதவீதத் திரவம். ரத்த அழுத்த மருந்தாக வந்து, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததால் வழுக்கைக்குத் திசைமாறிய மருந்து அது. நட்ட இடம் நன்றாக ஆறிய பின், உங்கள் டாக்டரைக் கேட்டுத் தடவலாம். தொடங்கிய முதல் சில வாரத்தில் அதுவும் கொஞ்சம் முடியை உதிர்க்கும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஒரு தடவை ஊசிக் காசில் இந்த மருந்துகளைப் பல மாதம் வாங்கலாம்.

மாத்திரைக்குப் பக்கவிளைவு உண்டா? உண்டு. சிலருக்கு ஆண்மை சார்ந்த குறை வரும். ஆய்வுகளில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம், சும்மா மாத்திரையில் 2.1 சதவீதம். சிலருக்கு மனம் சோர்ந்துபோகும். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் நிறுத்திய பின்னும் தொடர்வதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியில் ஒரு வேடிக்கை நடந்தது, 2007இல் வெளிவந்தது. புரோஸ்டேட் வீக்கத்துக்கு இதே மருந்தை 5 மில்லிகிராம் கொடுத்தபோது, "இப்படிப் பக்கவிளைவு வரலாம்" என்று சொல்லிக் கொடுத்தவர்களில் 43.6 சதவீதம் பேருக்கு அந்தக் குறை வந்தது. சொல்லாமல் கொடுத்தவர்களில் 15.3 சதவீதம்தான். மனம் செய்யும் வேலை அது. அதனால் நான் உங்களுக்குச் சொல்வது: கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இதைத் தொடங்காதீர்கள். புதுமாப்பிள்ளைக்கு இருக்கும் சாதாரணப் படபடப்பையும் மாத்திரை தலையில் கட்டிவிடுவீர்கள். ஒன்று இப்போதே தொடங்குங்கள், அல்லது ஐப்பசி வரட்டும். டாக்டர் எழுதிக்கொடுத்தே வாங்க வேண்டும். கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணிடமும் சொல்லிவிடுங்கள், கர்ப்பமாக இருக்கும்போது உடைந்த மாத்திரையை அவர் கையால் தொடக்கூடாது. குழந்தைக்கு முயற்சி செய்யும் நேரத்தில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், சிலருக்கு விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறைவதுண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும் மனம் கேட்கவில்லை, போட்டே பார்க்க வேண்டும் என்றால் நான் தடுக்க மாட்டேன். சரியான கையில் போட்டால் பெரிய கெடுதல் இல்லாத ஊசிதான், உங்கள் ரத்தம் உங்களுக்கே. நான்கு தடவைக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள், ஒவ்வொன்றாகக் கொடுங்கள். நட்ட வரிசையை விட்டுவிட்டு, அதன் பின்னால் மெலிந்திருக்கும் சொந்த முடியில் போடச் சொல்லுங்கள், பலன் இருந்தால் அங்கேதான் இருக்கும். குழாய்ப் பெட்டியை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். அண்மையில் டிங்கி வந்திருந்தால், ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிட்டால், கல்லீரல் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபன் வகை வலி மாத்திரைகள் பிளேட்லெட்டை முடக்கும், டாக்டர் வேறு காரணத்துக்குக் கொடுத்திருந்தாலொழிய ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். போட்டோவை நீங்களே எடுங்கள்: அதே குளியலறை, அதே விளக்கு, காய்ந்த தலை. மூன்று தடவை போட்டு ஆறு மாதம் பார்த்தும் ஒன்றும் தெரியாவிட்டால் நான்காவது எதற்கு? டிங்கி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. காய்ச்சல் வந்து போன இரண்டு மூன்று மாதத்தில் தலை முழுவதும் முடி கொட்டும். அது தானாகத் திரும்பி வந்துவிடும், அதற்காக யாரும் ஊசிக்கு ஓட வேண்டாம்.

கல்யாணம் ஆவணியில் என்றால் நட்டு நான்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும். முன்னால் முடி முளைத்திருக்கும், ஆனால் மெல்லியதாக, ஒன்றுக்கொன்று உயரம் சேராமல் நிற்கும். எந்த ஊசியும் அதை ஆவணிக்குள் அடர்த்தியாக்காது, யாராவது அப்படி வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். நல்ல முடிதிருத்துபவரிடம் பக்கங்களைக் குறுக்கி வெட்டச் சொன்னால் முன்பக்கம் நிறைவாகத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் பிரச்சினையே இல்லை. வேலைக்கு மோட்டாரில் போகும்போது ஹெல்மெட் போடலாம், பத்து வாரத்தில் அதனால் ஒன்றும் ஆகாது. உச்சி வெயிலில் தோட்டத்துக்குள் நடந்தால் தொப்பி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா காய்ச்சும் செம்பருத்தி எண்ணெயை அடுத்த மாதத்திலிருந்து தடவலாம். முடி மினுமினுக்கும், அவருக்கும் சந்தோஷம். வழுக்கைக்கு அது மருந்தில்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் வேண்டுதலை நிறைவேற்றலாம். முடியை வழிப்பதால் தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலுக்கு ஒன்றும் ஆகாது. நட்ட இடத்தில் பிளேடு படக் குறைந்தது ஆறு மாதம் போகட்டும் என்பேன், தைப்பூசத்துக்கு உங்களுக்கு ஒன்பது பத்து மாதம் ஆகிவிடும். ஆனால் புது பிளேடு போடச் சொல்லுங்கள், கூட்டத்தில் ஒரே பிளேடு பல தலைக்குப் போகாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம், உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்திருந்தால் பின்னந்தலையில் எடுத்த இடமெல்லாம் மிளகில் பாதிகூட இல்லாத வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். பட்டையாக வெட்டி எடுத்திருந்தால் காதுக்குக் காது ஒரு கோடு. முடி இருக்கும்வரை தெரியாது, மொட்டை போட்டதும் தெரியும். கல்லுமலை அடிவாரத்தில் உங்கள் சொந்தபந்தம் முழுக்க நிற்கும், அதில் ஒரு சித்தி கட்டாயம் "அது என்னடா பின்னாடி?" என்பார். சந்தனம் பூசும்போது பின்பக்கம் கொஞ்சம் தாராளமாகவே பூசச் சொல்லுங்கள்.